வலது பக்க கியர்

ரோஜேவின் வலது காலில் விரல்களே கிடையாது. சர்க்கரை முற்றி, போன வருஷம் ஆஸ்பத்திரியில் ஐந்தையும் எடுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்த பழைய புல்லட்டுக்கோ கியர் வலது பக்கம். முதல் கியர் விழ வேண்டுமென்றால் விரலைக் கொடுத்து மேலே தூக்க வேண்டும்.

கியர்பாக்ஸில் பல் உடைந்து வண்டி முத்தியால்பேட்டை பட்டறைக்கு வந்தபோதுதான் அவருக்கு ஆசை வந்தது. இடது பக்கம் மிதிக்கிற கியர்பாக்ஸாக மாற்றிவிட்டால் வலது பக்கம் பிரேக் மட்டும்தான். பிரேக் மிதிக்கப் பாதம் போதும். சாவதற்குள் ஒரு தடவை ஓட்டிவிடலாம்.

"தாராளமா மாத்தலாம் சொல்தா" என்றான் மெக்கானிக் காத்தவராயன். ரோஜே பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் வண்டி பழுது பார்த்தவர் என்பதால் தெருவுக்கே அவர் சொல்தா, அதாவது சிப்பாய்.

ஆனால் ஆர்சி புத்தகம் தம்பி லுயீஸ் பெயரில் இருந்தது. மறுநாள் காலை அவனே பட்டறைக்கு வந்துவிட்டான்.

"இடது பக்கமா? பழைய வண்டி ஷோவுல காறித் துப்புவானுங்க. அப்பா ஓட்டுன மாதிரியே இருக்கணும்."

"டேய், ஒருக்கா நான் ஓட்டணும்டா."

"நீயா? தோ நிக்குது பாரு, அதே மாடல். ஏறி ஃபர்ஸ்ட் போடு. போட்டுட்டா நீ சொல்றதுதான்."

வண்டி எடுக்க வந்த ஆறேழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஜே ஏறினார். மொட்டைப் பாதம் லிவருக்கு அடியில் போய்ப் போய் வழுக்கியது. மூன்றாவது தடவை தையல் போட்ட இடம் இரும்பில் இடித்தது.

"பாதமா அது, துடுப்புக் கட்டையா?" என்றான் லுயீஸ். எல்லாரும் சிரித்தார்கள். காத்தவராயனும் சிரித்துவிட்டான்.

லுயீஸ் பையிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்துப் பெஞ்சில் போட்டான். இரண்டும் வலது பக்க கியர் செட். வேறு வேறு கம்பெனி.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது. நீயே பாத்து சொல்லு. இதுக்காவது ஒதவு."

ரோஜே அரத்தை எடுத்து முதல் செட்டில் ஒரு பல்லின்மேல் இழுத்தார். கண்ணாடியில் இழுத்ததுபோல வழுக்கிக்கொண்டு போனது. நல்ல எஃகு. இரண்டாவதில் இழுத்தார். 'கரக்' என்று கடித்தது. மேலே பளபளப்பு, உள்ளே மெது இரும்பு. பாரம் ஏறினால் பல் தெறிக்கும். தெறித்த துண்டு சிக்கினால் ஓடுகிற வண்டியில் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

கிரீஸ் விரலால் அரம் பட்ட இடத்தைத் தேய்த்துவிட்டு, "இத மாட்டு" என்று இரண்டாவதை நீட்டினார்.

"மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னான் லுயீஸ். "சனிக்கெழமைக்குள்ள முடிச்சிடு காத்தவராயா. எம் பொண்ணு ஏஸ்தெல் லீவுக்கு வந்திருக்கா. அவள பின்னாடி ஒக்கார வச்சி காலாப்பட்டு வரைக்கும் ஒரு அடி அடிக்கணும். பெரியப்பாவையும் கூட்டினு போலாங்கிறா. எங்க ஒக்கார வைக்கிறது, சைலன்சர் மேலயா?"

அவன் போனதும் பட்டறை காலியானது. காத்தவராயன் பெட்டியைத் தொடவில்லை. அரம் ஒன்றில் வழுக்கியதும் மற்றதில் கடித்ததும் அவன் காதில் விழுந்திருந்தது.

"சொல்தா... அந்தப் பொண்ணு என்னா பண்ணுச்சி?"

ரோஜே காலுறையைக் கழற்றினார். ரத்தம் ஒட்டியிருந்தது.

"என் பட்டறை பேரு கெட்டுடும்."

"சாமான் அவன் வாங்கியாந்தது. ஒம் பேரு ஏன் கெடுது? நீதான் சிரிச்சியே. மாட்டு."

காத்தவராயன் தலை குனிந்துகொண்டு வேலையைத் தொடங்கினான். நல்ல செட்டை மடியில் வைத்துக்கொண்டு, கியர்பாக்ஸுக்கு மூடி போட்டுக் கடைசி போல்ட்டு முறுக்குகிற வரைக்கும் ரோஜே ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.