புரட்டிப் போட ஒரு ஆள்

"எங்க அம்மாவைக் குளிப்பாட்டவும் புரட்டிப் போடவும் ஆள் வேணும். யார் வர்றீங்க?"

போதகர் அப்போதுதான் தொண்டை கிழியப் பேசி முடித்திருந்தார். "ஊழியம் என் ஒருத்தன் வேலையா? பெஞ்சு தேய்க்கத்தான் வர்றீங்களா? ஆளுக்கொரு பாரத்தைக் கையில எடுங்க. எடுக்கிறவங்க எழுந்திரிங்க!" சபை மொத்தமும் எழுந்து நின்றது. அந்தச் சூட்டோடுதான் அவள் அப்படிக் கேட்டாள். கேட்டதும் ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள்.

இதைக் கேட்கவே கூடாதென்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சபையில் யார் படுக்கையில் விழுந்தாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றவள் அம்மா. பக்கவாதத்தில் விழுந்த பிறகும் அதே வீறாப்பு. "நான் செஞ்சது கர்த்தருக்கு. போய்க் கையேந்தினே, நீ என் மகளே இல்ல."

மகளுக்கு வேறு வழியில்லை. அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. வெளியூரில் மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. மறுநாள் காலை போய்ச் சேராவிட்டால் அந்த இடம் இன்னொருத்திக்கு.

"ஜெபத்துல வச்சுக்கிறோம் தங்கச்சி," என்றார் துணிக்கடைக்காரர்.

"ஜெபம் புரட்டிப் போடுமா அண்ணே?"

சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகப் போதகர் சமாளித்தார். வந்தார்கள். போதகர், அவர் மனைவி, துணிக்கடைக்காரர், பாட்டு டீச்சர். மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை பிதுங்கியது. கட்டிலைத் தொட்டுவிடாமல் நின்று இரண்டு பாட்டுப் பாடினார்கள்.

"சம்பளத்துக்கு ஆள் வச்சுக்கலாமே?" என்றாள் டீச்சர்.

"வைப்பேன். முதல் சம்பளம் வர்ற வரைக்கும்தான் உங்களைக் கேக்கறேன்."

போதகர் கட்டில் பக்கம் குனிந்தார். "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "ஒண்ணும் வேணாம் ஐயா. எனக்கு என் மக இருக்கா."

போதகர் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா! இதுதான் இந்தப் பொண்ணோட ஊழியம். வர்ற ஞாயித்துக்கிழமை நீயே சாட்சி சொல்லணும்மா."

"ஐயா, உங்க அம்மா படுத்துக் கிடந்தப்ப பீ அள்ளினது எங்கம்மா. அந்தச் சாட்சியை யார் சொல்றது?"

"நாலு எழுத்து படிச்ச திமிரைப் பாரு!" போதகர் மனைவி சீறினாள்.

"வாயை மூடுடி," என்றாள் அம்மாவும். "உன்னைப் படிக்க வச்சதுக்கு ஒரு எருமையை வளர்த்திருக்கலாம்."

பேச்சை முடிக்கப் போதகர் ஜெபத்தில் இறங்கினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். "ஆண்டவரே, இந்த வீட்டுக்கு உதவ ஒரு கையை அனுப்பும்." "அனுப்பும் ஆண்டவரே," என்று மற்ற மூவரும் உருகினார்கள். மகள் மட்டும் கண்ணை மூடாமல் அந்த நால்வரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுக் கைகள்.

ஜெபம் பாதியில் இருக்கும்போதே நாற்றம் எழுந்தது. போதகரின் வேகம் கூடியது. ஆமென் வந்து விழுந்தது. டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் மகளைப் பார்த்தார்கள்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வெந்நீர் அடுப்புல இருக்கு. துணி கட்டிலுக்கு அடியில. இடது பக்கம் உணர்ச்சி கிடையாது, சூடு பார்த்து ஊத்துங்க."

"எங்கடி போறே?" அம்மாவின் குரல் உடைந்தது. "இவங்க முன்னாடி இப்படிப் போட்டுட்டுப் போகாதடி. கழுவி விட்டுட்டாவது போடி!"

கழுவ எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ரயிலுக்கு நேரம் இருந்தது. ஆனால் இப்போது கழுவினால் அவர்கள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். காலையில் சபையில் அவர்கள் உட்கார்ந்தபோதே முடிவெடுத்தாகிவிட்டது. அம்மாவின் நல்ல கண் அவளையே பிடித்து இழுத்தது. அவள் அந்தக் கண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நீ இவங்களுக்குத்தானேம்மா ஓடி ஓடிச் செஞ்சே."

"யாராவது அவளைப் பிடிங்களேன்!" என்று போதகர் மனைவி கத்தினாள்.

வாசலில் அவர்களுடைய செருப்புகள் வழியை அடைத்துக் கிடந்தன. காலால் எத்தி ஒதுக்கிவிட்டு அவள் படியிறங்கினாள்.