இரண்டாவது பொத்தான்

மரியரட்ணம் அந்தப் படிவத்தை மூன்றாம் தடவையும் தமக்கையின் பக்கம் தள்ளினான்.

“எழுதுங்கோக்கா. அந்தாள் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

மலர்ச்சாலைக்காரர் வாசலில் கைகட்டி நின்றார். சவப்பெட்டியில் பதிக்கும் தகட்டுக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அன்ரனெற்றுக்கு அலுத்துப்போயிருந்தது. கணவன் விழுந்த நேரத்திலிருந்து இரண்டு நாளாக அவள் ஒழுங்காக உட்காரக்கூட இல்லை.

“சொந்தப் பேரைப் போட்டால் என்னடா?”

“வாற மாசம் உங்கட அகதிக் கேஸ். பேப்பர் முழுக்க அத்தான் சண்முகநாதன். இப்ப அகஸ்ரின் எண்டு போட்டால், எல்லாம் பொய் எண்டு உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“ஃபாதரும் பூசையில அப்பிடியே வாசிப்பார்?”

“ஓம். அவருக்கும் உந்தப் பேர்தான் குடுத்தது.”

எண்பத்துநாலில், யாரோ ஒரு சண்முகநாதனின் பாஸ்போட்டில் ரொறன்ரோவுக்கு வந்திறங்கிய மனுசன், பயத்தில் விமான நிலையத்திலும் அந்தப் பெயரையே சொல்லித் தொலைத்தார். பிறகு திருத்தத் துணிச்சல் வரவில்லை. அங்கே பார்க்டேலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று வருசம் கோப்பை கழுவியதும் சண்முகநாதன்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும் சண்முகநாதன்தான்.

அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. இதெல்லாம் அவருக்குப் பழகின வேலை. கொழும்பில் படக்கதைப் புத்தகங்களுக்குப் படம் கீறிய காலத்தில், ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தும் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு அச்சக முதலாளிகளுக்கும் ஒரே முகமூடி வீரனைக் கள்ளமாகக் கீறிக் கொடுத்தவர். ஒரு புத்தகத்தில் அவன் வேகராசன், மற்றதில் காற்றுமாறன். இருவரில் யார் பெரியவன் என்று வாசகர்கள் கடிதம் எழுதிச் சண்டை பிடித்தார்கள். அவர் அவளிடம் மட்டும் காட்டிச் சிரிப்பார். இரண்டு வீரர்களின் சட்டையிலும் இரண்டாவது பொத்தானைக் கீறாமல் விட்டிருப்பார்.

“ரெண்டும் என்ர பிள்ளையள் எண்டு எனக்குத் தெரியவேணுமெல்லோ?”

எந்த முதலாளியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

அன்ரனெற் பேனையை எடுத்தாள். சண்முகநாதன் என்று ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதி, படிவத்தைத் தம்பியிடம் கொடுத்தாள்.

“அவரை ஒருக்காப் பாக்கவேணும்.”

உள்ளே அகஸ்ரின் வெள்ளைச் சட்டையோடு கிடந்தார். கழுத்துவரை எல்லாப் பொத்தானும் பூட்டியிருந்தார்கள். சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு உடுத்தி வெளிக்கிடுத்திவிட்டது போல இருந்தது. அவள் மேலிருந்து இரண்டாவது பொத்தானைப் பிடித்து முறுக்கினாள். நூல் விடவில்லை. குனிந்து பல்லால் கடித்தாள். கொஞ்சுகிறாள் என்று நினைத்து மரியரட்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் நிமிர்ந்து கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

மூடி போட வந்த மலர்ச்சாலைக்காரர் சட்டையைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் ஏதோ சொன்னார்.

“பொத்தான் ஒண்டு இல்லையாம் அக்கா. தைச்சுவிடட்டோ எண்டு கேக்கிறார்.”

“வேண்டாமெண்டு சொல்லு,” என்றாள். “மூடட்டும்.”