பிரஷர் மோட்டர் பூட்டிய நாள்

இன்னும் கொஞ்சம் பீறிட்டால் என்ன?

நினைத்த கணமே ஸம்றாவுக்குத் திடுக்கென்றது. ஹோல் சுவரின் பூச்சு ஒரு தட்டளவு பெயர்ந்து விழுந்து, உள்ளிருந்து தண்ணீர் நாலு முழத்துக்குத் தெறித்துக்கொண்டிருந்தது. புதுச் சோபா நனைந்தது. காலையில் விரித்த கார்ப்பட் மிதக்கப் பார்த்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு இறக்காமத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். இப்படியொரு நேரத்தில் ஒருத்திக்குச் சந்தோஷம் வருமா? அவளுக்கு வந்தது.

"என்ன பாத்துக்கு நிக்காய்? கரண்ட நிப்பாட்டுகா!" கணவர் ஜவுபர் வாளியோடு ஓடி வந்தார்.

சுவருக்குள் பைப்பை வெடிக்க வைத்தது அவர்தான். மகள் றிஸ்லாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளைக்கென்று மேல்மாடியில் ஒரு பாத்ரூம் கட்டியிருந்தார். வருகிறவர்கள் ஷவரைத் திறந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று இன்று காலை தண்ணீரை வேகமாகத் தள்ளும் பிரஷர் மோட்டர் ஒன்றையும் வாங்கிப் பூட்டினார். சுவருக்குள் இருப்பதோ இருபத்தைந்து வருஷத்துப் பைப். ஸம்றாவின் கலியாணத்துக்காக அவளுடைய வாப்பா கட்டின வீடு இது. "பழைய பைப் தாங்குமா?" என்று அவள் கேட்டதற்கு, "மாப்பிள்ள வாற வீடு, தண்ணி சொட்டுச் சொட்டா வரலாமா?" என்று சிரித்தார்.

மோட்டரை நிறுத்தியும் தண்ணீர் நிற்கவில்லை. டேங்கில் இருந்ததெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. பைப் வேலை செய்யும் இராசதுரை நாவிதன்வெளி என்ற ஊரில் வேலையாக நின்றார். "மேல டேங்கடியில வால்வு இரிக்கு காக்கா, அதப் பூட்டுங்க. நான் வாறதுக்குப் பொழுதுபட்டிரும்" என்றார் போனில் ஜவுபரிடம்.

ஏணியில் ஏற ஜவுபரின் முழங்கால் விடாது. ஸம்றா பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறினாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு றிஸ்லா கத்தினாள்:

"உம்மா, விழுந்திராதீங்க! இல்லாட்டி விழுங்க, கலியாணமாவது பிந்தும்!"

"வாயப் பொத்துடி!" என்றாள் ஸம்றா. சிரிப்பை அடக்க முடியவில்லை.

போன கிழமை இதே பிள்ளை சிரிக்காமல் கேட்டது. "கெம்பஸ் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இரிக்கி உம்மா. அதுமட்டும் பொறுக்கச் சொல்லுங்க." வாப்பாவிடம் சொல்லு என்று ஸம்றா நழுவிவிட்டாள். ஏன் நழுவினோம் என்று அன்று முழுவதும் தன்னையே கேட்டாள். மகளுக்காகப் பேசினால் தனக்காகவும் பேசியதாகிவிடும் என்ற பயம்தான். மகளுக்குக் கலியாணமென்றால் ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு. பெற்றவர்கள் பின்வளவில் இருக்கும் இரண்டு அறைக்குப் போக வேண்டும். அவளுடைய உம்மாவும் வாப்பாவும் அப்படித்தான் போனார்கள். அதற்குப் பிறகு உம்மா தான் சமைத்துப் பழகிய குசினிக்குள் வருவதற்கே, "வரட்டா மகள்?" என்று கேட்டாள். இனித் தானும் கேட்க வேண்டும். அதில் தனக்கு வருத்தமில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள், தன்னிடமும்.

வால்வு அசையவில்லை. தலைத்துணியைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். கை எரிந்தது. கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு சுற்று. கீழே இரைச்சல் நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். கூரைகளுக்கு அப்பால் கடல் தெரிந்தது. சொந்த வீட்டின் உச்சியில் அவள் நிற்பது இதுதான் முதல் தடவை.

"பூட்டிட்டன்!" அந்தக் குரல் தன்னுடையதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

இறங்கி வந்தபோது ஜவுபர் அலுமாரியை இழுத்துப்போய்ப் பெயர்ந்த சுவரை மறைத்திருந்தார். கார்ப்பட்டைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியாயிற்று. "கேட்டா வீடு கழுவினதெண்டு சொல்லு. நிக்காஹுக்கு நாள் குறிச்சிட்டா மத்ததப் புறகு பாப்பம்."

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் சல்மா உம்மா செருப்பைக் கழற்றி உள்ளே ஓரடி வைத்ததும் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன புள்ள, எங்கட வயலுக்குத் தண்ணி பாய்ச்சின மாதிரிக் கிடக்கு?"

"நீங்க வாறெண்டு வீடு கழுவினம் ராத்தா," ஜவுபர் முந்திக்கொண்டார்.

சல்மா உம்மா சோபாவில் கையை வைத்து அழுத்தினார். விரல்களுக்கிடையில் தண்ணீர் வந்தது. "சோபாவையும் சேத்தா கழுவின?"

"இவ கழுவினா அப்புடித்தான். சொல்லன் ஸம்றா."

ஜவுபரின் கண் கெஞ்சியது. ஸம்றாவின் பாவாடைக் கரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. குசினித் திரைக்குக் கீழே றிஸ்லாவின் பாதங்கள் அசையாமல் நின்றன. ஸம்றா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"கழுவல்ல ராத்தா. அலுமாரிக்குப் பின்னால பைப் வெடிச்சிட்டு. சுவர உடைச்சி எல்லாத்தையும் மாத்தணும். இந்த வருஷம் வீடு குடுக்க ஏலா. மகளும் படிச்சி முடிக்கட்டும்."

"ஒரு மாசத்துல வேல முடியுமெண்டு சொல்லு," என்றார் ஜவுபர், வாய்க்குள்ளேயே.

ஸம்றா மேசையிலிருந்த வட்டிலாப்ப இனிப்புத் தட்டைச் சல்மா உம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஏலா," என்றாள்.