காலுக்குப் பொன்

ஸ்கொட்லாந்துக்காரரின் கில்ட் என்ற ஆண்கள் பாவாடையை உடுத்துகிறவர்களுக்குச் சட்டம் இரண்டுதான். தோல் எல்லாம் ஒரே நிறம், உலோகம் எல்லாம் ஒரே நிறம். இடுப்புப் பட்டி கறுப்பென்றால் காலில் போடும் சப்பாத்தும் கறுப்பு, முன்னால் தொங்குகிற ஸ்பொரன் என்ற தோல் பையும் கறுப்பு. பட்டியின் பக்கிள் பொன்னிறமென்றால் பையின் விளிம்பு, உடுப்பில் குத்தும் ஊசி, சப்பாத்தின் பக்கிள் வரைக்கும் பொன்னிறம். லண்டன் ஹொல்போர்னில் இந்த உடுப்புகளை வாடகைக்கு விடும் கடையில் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் சிவனேஸ்வரிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். முதலாளி டங்கன் பாராட்டுவதில் மகா கஞ்சன். அவரே ஒருதடவை "பரவாயில்லை" என்று சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்டவள்தான், 1993 நவம்பர் முப்பதாம் திகதி மாலை ஆறு மணிக்கு மேசை லாச்சியைத் திறந்ததும் அப்படியே விறைத்துப்போய் நின்றாள். உள்ளே ஒரு சோடி பொன்னிறச் சப்பாத்துப் பக்கிள் கிடந்தது. அது அங்கே கிடக்கக் கூடாது. மத்தியானம் ஹோட்டலுக்குப் போன பெட்டியில் அல்லவா இருக்கவேண்டும்!

ஸ்கொட்லாந்துக்காரர் சங்கத்தின் வருடாந்த விருந்து அந்த ஹோட்டலில் அன்றைக்கு. நாற்பது செட் உடுப்பு இந்தக் கடையிலிருந்துதான். பிரதம பேச்சாளர் கனடாவிலிருந்து வந்த லோகன் என்பவர். விமானக்காரர் அவருடைய பெட்டியைத் தொலைத்துவிட்டதால், அவருக்குத் தலை முதல் கால் வரை பொன்னிற செட் ஒன்றை டங்கனே தெரிவுசெய்து கொடுத்திருந்தார். ஏழு மணிக்கு அதே விருந்துக்கு டங்கனும் போவார். அந்த மனுசனுக்குக் கண் முதலில் போவதே மற்றவர்களின் சப்பாத்துக்குத்தான்.

"ஐயோ அண்ணை, கனடாக்காரற்றை பெட்டிக்குள்ளை வெள்ளிப் பக்கிளை வைச்சிட்டன்!"

உடுப்புக்கு அயர்ன் பிடித்துக்கொண்டிருந்த, கடையில் பழைய ஆளான செபமாலைமுத்து நிமிர்ந்து பார்த்தார். "நீயோ? எப்பிடிப் பிள்ளை?"

"தெரியேல்லை. கை தானா வைச்சிட்டுது. பொன்னைக் கொண்டுபோய்க் காலிலை போடுறதோ?"

அதுதான் நடந்தது. கொலுசென்றாலும் மெட்டியென்றாலும் வெள்ளி. லட்சுமியைக் காலில் போடுவார்களா? முப்பத்தாறு வருடம் பழகிய கை, மூன்று மாதச் சட்டத்தை ஒரு நொடியில் தூக்கி எறிந்துவிட்டது.

"பேசாமல் இரு. கேட்டால் லாச்சியிலை மாறிக் கிடந்ததெண்டு சொல்லு. லாச்சி அடுக்கிறது நான்தானே, பழியை என்னிலை போடு. என்னை வேலையாலை அனுப்பமாட்டினம்."

சிவனேஸ்வரி கோட்டை எடுத்து மாட்டினாள். அவளுடைய தவணை வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கி டங்கன் கடிதம் தந்தால்தான் கனகலிங்கத்தைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நாலு வருடமாகப் புருசன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கிடக்கிறான். போன மாதம் மட்டும் இரண்டு தடவை பொலிஸ்காரர் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போய் விசாரித்துவிட்டார்கள். மூன்றாம் தடவை திரும்பி வருவான் என்று எந்தச் சாமியும் உத்தரவாதம் தரவில்லை.

பக்கிளைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மழையில் ஓடினாள். ஹொல்போர்ன் ஸ்ரேசனில் சனம் முட்டி வழிந்தது. முதல் ரயிலில் ஏற இடமில்லை. இரண்டாவதில் இடித்துப் பிடித்து ஏறினால், அது லெஸ்டர் ஸ்குவயர் தாண்டிச் சுரங்கத்துக்குள் ஆறு நிமிடம் நின்றது. 

ஹோட்டல் வாசலில் கடையின் அடையாள அட்டையைக் காட்டினாள். காவல்காரன் அதையும் அவளுடைய ஈரக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லோகனின் அறைக் கதவைத் தட்டினாள். பேச்சைக் கையில் வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்த நரைத்தலை மனிதர், அவள் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். அவள் முழந்தாளிட்டு வலது பக்கிளைக் கழற்றிப் பொன்னிறத்தை மாட்டினாள். இடதைக் கழற்றும்போது பின்னால் கதவடியில் ஒரு குரல் கேட்டது.

"ஏன் இங்கே நிற்கிறாய்?"

டங்கன். பேச்சாளரைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். அவருடைய கண் நேரே சப்பாத்துக்குப் போனது. ஒரு கால் பொன், ஒரு கால் வெள்ளி.

"லாச்சியில் மாறிக் கிடந்ததா?"

ஓம் என்று ஒரு சொல் போதும். செபமாலைமுத்து அண்ணையே தந்த சொல். அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்லை, சேர்," என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "நான்தான் பிழையாக வைத்தேன். எங்கள் ஊரில் பொன்னைக் காலில் போடுவதில்லை. அது பாவம். யோசிக்காமல் வைத்துவிட்டேன்."

 லோகனுக்கு முகம் சிவந்தது. அவர் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "பாவமென்றால் வேண்டாம், அம்மா. வெள்ளியையே திரும்ப மாட்டிவிடுங்கள். மேசைக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள்?"

நல்ல மனிதர்! அவருடைய நல்ல மனதில் நெருப்பு விழ. அந்த இரக்கம் கனகலிங்கத்தை இன்னும் நாலு வருடம் லொட்ஜிலேயே கிடத்திவிடும் என்று அவருக்கு யார் சொல்வது?

"காலைத் தாருங்கோ, சேர்," என்றாள். அவசரத்தில் தமிழே வந்துவிட்டது. அவர் விழித்தார். அவள் காத்திருக்கவில்லை. கணுக்காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, வெள்ளியை உருவி எறிந்துவிட்டுப் பொன்னை மாட்டி அழுத்தினாள். பாவம் என் தலையில் கிடக்கட்டும், என் மனுசன் உயிரோடு லண்டனில் வந்து இறங்கட்டும்.  

டங்கன் குனிந்து இரண்டு பக்கிளையும் பார்த்தார். பட்டியைப் பார்த்தார், ஸ்பொரனைப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பிழையை என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்," என்றார். "வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே. நாளைக் காலை நிரந்தர வேலைக் கடிதத்தை வாங்கிக்கொள்."

அவளுக்கு எழும்ப முடியவில்லை. நாலு வருடமாக அடக்கி வைத்த கண்ணீர் பொலபொலவென்று லோகனின் கறுப்புச் சப்பாத்தில் விழுந்தது. தோலில் கறை பிடித்துவிடுமே என்று பதறி, கோட்டுக் கையால் அவசரமாகத் துடைத்தாள்.