மூன்று வரித் தையல்

நாகேஸ்வரியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைக் கண்டாலும் முகத்தைப் பார்க்குமுன் இடுப்பைப் பார்ப்பாள். அங்குலக் கணக்கு முடிந்த பிறகுதான் சுகம் விசாரிப்பாள். இது தெரிந்த பெண்கள் கல்யாண வீடுகளில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் அவளைக் கடந்து போவார்கள்.

ஆகவே, பாரிஸ் டிசைனர் மடம் ஒடில், ரொறன்ரோ ஸ்பெடைனா வீதியில் நாகேஸ்வரி வேலைசெய்த தையல் தொழிற்சாலைக்குள் நுழைந்த அன்று, எல்லோரும் அவருடைய தலைமுடியையும் குதியுயர்ந்த சப்பாத்தையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்க, நாகேஸ்வரி மட்டும் கறுப்பு ஜாக்கெட்டின் பொத்தானைப் பார்த்தாள். பூட்டாமல் கிடந்தது.

"ஸ்டைலுக்கு விட்டிருக்கிறா எண்டு நினைக்கிறியோ? பூட்ட ஏலாது, அதுதான்" என்று பக்கத்து மெஷினில் இருந்த யோகராணியின் காதுக்குள் சொன்னாள்.

"வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு. உன்ர மேசை அவவின்ர கையிலதான் கிடக்குது" என்றாள் யோகராணி.

உண்மைதான். ஆறு வருடமாக நாகேஸ்வரி, இழுத்துப் பூட்டும் சிப் மட்டும் தைக்கிற சிப் லைனில் இருந்தாள். விடியற்காலையில் நகரத்தின் ஓரத்து மல்வேர்னில் பஸ் ஏறி, ஆர்.ரி. ரயில் மாறி, சப்வே மாறி வந்து, நாளுக்கு முந்நூறு காற்சட்டைகளுக்குச் சிப் வைப்பாள். அந்தக் காற்சட்டைகளுக்குக் கால் இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கால் வேறு லைன். தன் கையாலேயே ஒரு முழு உடுப்பை வெட்டி, தைத்து, தூக்கிப் பிடித்துப் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. அதற்கு இருந்த ஒரே இடம், மாதிரி உடுப்புகளை முழுசாகத் தைக்கும் ஜன்னலோரத்துச் சாம்பிள் மேசை. அதில் இருந்தவள் வேலையை விட்டுப் போனதும், சூப்பர்வைசர் றோஸ்மேரி மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி நாகேஸ்வரிக்கு இரண்டு வாரத் தவணை வாங்கிக் கொடுத்திருந்தாள். மடம் தைக்கக் கொடுக்கும் கோட்டு சரிவந்தால் மேசை அவளுக்கு. பிசகினால் திரும்பவும் சிப்.

மடத்தின் கம்பனி அந்த வருடம், 1996இல், ஒரு புதிய தொகுப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தது. முதன்முதலில் விமானம் ஓட்டிய, மலை ஏறிய, காரில் தேசம் சுற்றிய பெண்களை நினைத்துத் தைக்கும் பன்னிரண்டு கோட்டுகள். பதினொன்று பாரிஸில் முடிந்துவிட்டன. பன்னிரண்டாவது ரொறன்ரோவுக்கு வந்ததற்குக் காரணம், அதற்குரியவர் உயிரோடு பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருந்ததுதான். பெயர் மிஸ் வினிஃபிரெட், வயது எழுபத்தொன்பது. இளம் வயதில் தனியாகச் சின்ன விமானத்தில் வடக்கு ஏரிகளுக்குத் தபால் மூட்டை கொண்டுபோனவர். அந்தக் காலத்தில் போட்ட கோட்டின் அச்சிலேயே ஒரு புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை ஹோட்டலில் நடக்கும் ஃபாஷன் ஷோ மேடையில் அவரே நடக்கப்போகிறார்.

"ஆம்பிளையளே பயந்த காலத்தில பறந்த பொம்பிளையாம். அவவின்ர கோட்டை நான் தைக்கிறன்" என்று நாகேஸ்வரி வீட்டில் பெருமையோடு சொன்னாள்.

கணவர் தம்பிமுத்து சோற்றைக் குழைத்தபடியே, "அப்ப உனக்கும் ஒண்டு தைச்சுத் தரச் சொல்லு. மல்வேர்ன் பஸ்ஸில முதல் ஏறுற பொம்பிளை நீதானே" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் பகிடி" என்று சிடுசிடுத்தாலும், அந்தப் பகிடி அவளுக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

கோட்டுக்கான அளவை மடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அது 1938ஆம் ஆண்டுக் கோட்டிலிருந்து எடுத்த அளவு. "நான் ஓர் அங்குலமும் மாறவில்லை" என்று மிஸ் வினிஃபிரெட் தொலைபேசியில் அடித்துச் சொல்லிவிட்டாராம். வானத்தில் தனியே பறந்த பெண்களின் துணிச்சலைப் பற்றி இரண்டு மணித்தியாலம் பேச மடத்துக்குத் துணிச்சல் இருந்தது. அவர்களில் ஒருத்தியின் இடுப்பைச் சுற்றி அளவு நாடா போடத்தான் துணிச்சல் வரவில்லை.

நாகேஸ்வரி மண்ணிறக் கம்பளித் துணியை விரித்து, சோக்குக்கட்டியால் கோடு போட்டாள். தாளில் இருந்த அளவுக்கு ஒரு நூலும் பிசகவில்லை. ஆனால் வெட்டும்போது கத்தரிக்கோல் சோக்குக் கோட்டை விட்டு மூன்று விரல் தள்ளிப் போனது. தைக்கும்போது விலாவில் ஒரு வரி தைத்து, ஒரு விரல் வெளியே இரண்டாவது வரி, இன்னொரு விரல் வெளியே மூன்றாவது வரி. உள்ளே வைத்த லைனிங்குக்கும் அப்படியே. சத்தியமாக அவள் யோசித்துச் செய்யவில்லை. சாறி பிளவுஸ் தைத்துப் பழகிய கை அப்படித்தான் போகும். பெண்ணுக்கு உடம்பு வைத்தால் ஒரு வரியைப் பிரித்துவிட்டால் போதும், பிளவுஸ் பெருத்துவிடும். நாகேஸ்வரியின் கல்யாணக் கூறைப் பிளவுஸே இப்போது மூன்றாவது வரியில்தான் நிற்கிறது. "இனி வரியில்லை, சோத்தைக் குறை" என்று தம்பிமுத்து எச்சரித்து இரண்டு வருடமாகிறது.

வெள்ளிக்கிழமை மடம் கோட்டைப் பார்க்க வந்தார். காலரைத் தடவினார், பொத்தான் துளைகளை வெளிச்சத்தில் பிடித்தார், தலையாட்டினார். நாகேஸ்வரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அதற்குப் பிறகு மடம் லைனிங்கைத் தூக்கி உள்பக்கத்தைப் பார்த்தார்.

பிரெஞ்சும் இங்கிலீசும் கலந்து ஒரு மழை பொழிந்தது. றோஸ்மேரி முகம் கறுத்துப்போய்த் திரும்பினாள்.

"நாகேசக்கா, என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்? இது கோட்டோ, மூட்டை கட்டின துணியோ எண்டு கேக்கிறா. பாரிஸில உள்ளுக்கு அரை அங்குலத்துக்கு மேல விடமாட்டினமாம்."

"உடுப்பெண்டால் ஆள் போடுறதுதானே. ஆளுக்கு உடம்பு வைக்காதோ?"

"அதை நான் இவவுக்கு எப்பிடிச் சொல்ல? மிச்சத்தை இப்பவே வெட்டி எறியட்டாம்." றோஸ்மேரி குரலைத் தாழ்த்தினாள். "திங்கக்கிழமை நீங்கள் சிப்புக்குப் போங்கோ அக்கா. என்னால ஒண்டும் செய்யேலாது."

நாகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். முழுசாகத் தைத்த ஒரே உடுப்பு, அதையும் தன் கையாலேயே வெட்டவேண்டும். கத்தரிக்கோலை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

கோட்டைப் போட்டுப் பார்க்க வரவேண்டிய மிஸ் வினிஃபிரெட் ஒரு மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார். நாகேஸ்வரியின் கண், பழக்க தோஷத்தில், நேரே இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றது.

"ஐயோ கடவுளே" என்றாள் மெதுவாக.

மடம் பெரிய மரியாதையோடு கோட்டைப் பிடிக்க, மிஸ் வினிஃபிரெட் கைகளை நுழைத்தார். தோள் அச்சொட்டாக இருந்தது. முன்பக்கம் மட்டும் பொருந்தவில்லை. பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

"சின்னதாகத் தைத்திருக்கிறீர்கள்" என்றார் மிஸ் வினிஃபிரெட், ஒரு கூச்சமும் இல்லாமல்.

மடம் தாளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மிஸ் வினிஃபிரெட்டை மட்டும் பார்க்கவில்லை. நாளைக்கு மேடை. அந்தத் துணியில் இன்னொரு முழம் ரொறன்ரோவிலேயே கிடையாது.

நாகேஸ்வரி கத்தரிக்கோலை வைத்தாள். தனக்குத் தெரிந்த இங்கிலீசில், "மடம், டென் மினிட்ஸ்" என்றாள். யாருடைய பதிலுக்கும் காத்திராமல் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனாள்.

முதல் வரியை நூல் நூலாகப் பிரித்தாள். புதிதாகத் தைக்க ஒன்றுமில்லை. இரண்டாவது வரி ஏற்கெனவே அங்கே காத்துக்கொண்டிருந்தது. முன்துண்டில் ஒரு விரல், பின்துண்டில் ஒரு விரலாக, இந்த விலாவில் இரண்டு விரல், அந்த விலாவில் இரண்டு விரல். ஊசித் துளைகளின் மேல் ஸ்டீம் அயனைப் பிடித்தாள். கம்பளி பொங்கித் துளைகளை மூடிக்கொண்டது. பத்து நிமிடம் என்றது இருபத்தைந்து ஆனது.

இந்த முறை பொத்தான் பூட்டியது. மிஸ் வினிஃபிரெட் கைகளை விமானத்துச் சுக்கானைப் பிடிப்பது போல நீட்டினார், மடக்கினார், குனிந்து நிமிர்ந்தார். பிறகு லைனிங்கைத் தூக்கிப் பார்த்து, "இன்னொரு வரி இருக்கிறதே, அது எதற்கு?" என்று கேட்டார்.

றோஸ்மேரி தயங்கித் தயங்கி விளக்கினாள். மடம் அவசரமாகக் குறுக்கிட்டு, அதை உடனே வெட்டிவிடலாம் என்றார்.

"வெட்டினால் நான் மேடை ஏறமாட்டேன்" என்றார் மிஸ் வினிஃபிரெட். "அடுத்த வருடம் எனக்கு எண்பது. இன்னும் நிறையச் சாப்பிட இருக்கிறது."

றோஸ்மேரி அதைத் தமிழில் சொன்னபோது யோகராணி சிரிப்பை அடக்கமுடியாமல் மெஷினுக்குக் கீழே குனிந்துவிட்டாள். நாகேஸ்வரி சிரிக்கவில்லை. அவளுக்குத் திங்கட்கிழமையின் நினைப்பு.

மிஸ் வினிஃபிரெட் போன பிறகு மடம் தன் கறுப்பு ஜாக்கெட்டைக் கழற்றி, சாம்பிள் மேசையில், நாகேஸ்வரிக்கு முன்னால் வைத்தார். பூட்டாமல் கிடந்த பொத்தானைத் தொட்டுக் காட்டினார்.

நாகேஸ்வரி அதை உள்பக்கம் திருப்பினாள். தையல் அவ்வளவு அழகு. ஒரு நூல் முடிச்சுக்கூடக் கண்ணில் படவில்லை. ஆனால் உள்ளே விட்டிருந்தது வெறும் அரை அங்குலம். அவளுக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது.

"இதில ஒண்டும் செய்யேலாது. புதுசாத்தான் தைக்க வேணும் எண்டு சொல்லு பிள்ளை."

றோஸ்மேரி சொன்னாள். திங்கட்கிழமையே தொடங்கலாமா என்பதுபோல மடம் ஒரே ஒரு சொல் கேட்டார்: "மண்டே?"

நாகேஸ்வரி றோஸ்மேரியைப் பார்த்தாள். றோஸ்மேரி சிப் லைன் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். பிறகு விரலால் சாம்பிள் மேசையைத் தட்டிக் காட்டினாள்.

நாகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து மடத்தின் இடுப்பைச் சுற்றிப் போட்டாள். பாரிஸ்காரி சட்டென்று வயிற்றை எக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"மூச்சை விடச் சொல்லு, றோஸ்மேரி" என்றாள் நாகேஸ்வரி. "நான் காத்துக்கொண்டு நிக்கிறன்."