பயத்தம்மாவின் உறக்கம்

அந்த வீட்டு மின்விசிறி கொக்கியிலிருந்து கழன்று பல வருடமாகியும் கீழே விழவில்லை. கொக்கிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அந்த இடைவெளியில் கையை விட்டுத் துழாவினார். பிறகு ஏணியிலிருந்து இறங்கி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஓடுற வரைக்கும் ஓடட்டும்க்கா, இதுல நான் கைய வைக்க மாட்டேன்" என்று கூலிகூட வாங்காமல் போய்விட்டார். உண்மையில் அது முன்பைவிட நன்றாகவே ஓடியது, பழைய கிறீச் சத்தமும் நின்றுவிட்டது. அதற்கு அடியில்தான் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் படுத்துத் தூங்கினார்கள். சரியாகச் சொன்னால் இரண்டு பேர் தூங்கினார்கள், அம்மா மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அம்மாவுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் தொழில். கல்யாணமாகி வந்த நாள் முதலே அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். மின்விசிறி விழுந்துவிடும், சிலிண்டர் வெடித்துவிடும், லிஃப்ட் பாதியில் நின்றுவிடும், நாய் கடித்துவிடும், பல்லி மேலே விழுந்துவிடும். கடைக்குக் கிளம்பினால் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள், பார்த்துவிட்டுப் போய் மறுபடியும் வருவாள். பயந்தாங்கொள்ளி என்றே தெருவில் பெயர் வைத்திருந்தார்கள். அவள் பயந்த எதுவும் நடப்பதில்லை என்பதைக் கவனிக்க அந்தப் புத்திசாலிகளுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அவளைக் கடிக்கப் பாய்ந்த தெருநாய் கணுக்காலுக்கு ஒரு விரல் தூரத்தில், திறந்த வாயை மூட முடியாமல் நின்றது. அவள் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்கு வாய் மூடியது. பக்கத்து வீட்டில் சிலிண்டர் வெடித்தபோது, தீ இவளுடைய சமையலறைச் சுவர் வரை வந்து, சற்று நேரம் நின்று, வந்த வழியே திரும்பிப் போனது. வீட்டைப் பறிகொடுத்தவர் ஆற்றாமையோடு வந்து, "எங்க வீட்டுக்கும் சேத்துக் கொஞ்சம் பயந்திருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் முதல் அவருக்கும் சேர்த்தே பயந்தாள்.

அதன் பிறகு பயந்தாங்கொள்ளி என்ற பெயர் போய், பயத்தம்மா என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆட்கள் தேடி வந்தார்கள். தையல் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவரவர் ஆபத்தைச் சொல்வார்கள். மகன் பைக்கை விரட்டுகிறான், மாடிக் கைப்பிடி ஆடுகிறது, புருஷனுக்கு மின்கம்பத்தில் ஏறுகிற வேலை. சும்மா சொன்னால் போதாது, அவள் நிஜமாகவே பயந்தாக வேண்டும் என்பதால் ரத்தம் தெறிக்க விவரித்தார்கள். தைத்துக்கொண்டே கேட்பவளின் ஊசி நின்றுவிட்டால் பயம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். வந்தவர் நிம்மதியாக எழுந்து போவார். நகராட்சிப் பொறியாளரும் ஒருநாள் அதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் தூண்களில் சிமெண்ட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. அடியில் பஸ் நிறுத்தம், ஒட்டினாற்போல ஆரம்பப் பள்ளி. தொட்டியை இடித்துக் கட்ட ஆட்கள்கூட வந்துவிட்டார்கள். பொறியாளர் தூண்களைப் படம் வரைந்து காட்டினார். படித்த மனிதர் ஆயிற்றே, மற்றவர்களைவிட நன்றாகவே பயமுறுத்தினார். ஊசி நின்றது. அவர் வெளியே வந்து ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மனதில் தோன்றுகிற ஆபத்துக்குத்தானே பயப்பட முடியும்? குளியலறைத் தரையைப் பற்றி அவளுக்குத் தோன்றவேயில்லை. ஒரு காலையில் அவள் புருஷன் சோப்புத் தண்ணீரில் வழுக்கி, பின்மண்டையில் அடிபட்டு, அங்கேயே செத்துப்போனார். "ஊருக்கெல்லாம் பயந்தேனே, அந்தத் தரைய எப்படிடி விட்டேன்?" என்று மகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். அன்றிலிருந்து கொஞ்சநஞ்சத் தூக்கமும் போயிற்று. எதையும் விட்டுவிடக் கூடாது என்று படிக்கட்டு, நகவெட்டி, மீன் முள், தலையணை என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்தாள். உடம்பு துரும்பாக இளைத்தது. விக்கிக்கொள்ளுமோ என்று ஒரு வாய்ச் சோற்றை மென்றுகொண்டே இருப்பாள்.

மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. முறுக்கு மீசைக்காரர்கள் ஊசியைக் கண்டு மயங்கி விழுவதைத் தினமும் பார்ப்பவள். ஊசியால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை, பயந்து விழுந்தவன் மண்டைதான் உடைகிறது என்பது அவள் கட்சி. அம்மா அசந்து தூங்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடுவாள், மகளுக்கு வேறு நினைப்பே இல்லை. மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனாள். அவர் நல்ல மனிதர், பொறுமைசாலி.

"மின்விசிறி விழுந்து செத்துப்போன யாரையாவது உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது டாக்டர்."

"அப்புறம் எதுக்குப் பயப்படறீங்க?"

"யாராவது பயப்படறதாலதானே டாக்டர் அது விழாம இருக்கு?"

மருத்துவர் சிரிக்கவில்லை. இப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, அந்த நினைப்பே நோயில் ஒரு பகுதி என்று மகளிடம் தனியாகச் சொன்னார். மருந்து கொஞ்சம், பயிற்சி நிறைய. தினமும் மின்விசிறிக்கு அடியில் உட்கார வேண்டும், படபடப்பு அடங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அம்மா உட்கார்ந்தாள், மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். படபடப்பு அடங்க அடங்க மின்விசிறி கீழே இறங்கியது. முதலில் ஒரு விரற்கடை, பிறகு ஒரு சாண். தலையில் இடிக்கும் உயரத்துக்கு வந்ததும் அதை அணைத்து வைத்தார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அது தரையில் மெதுவாக வந்து உட்கார்ந்தது. மகள் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மா கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

தொட்டியும் அப்படியே மெதுவாகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் கன்னத்தில் சதை போட்டது, இரண்டாம் முறை சோறு கேட்டாள், தெருக்காரர்களோ வாசலில் கூடிவிட்டார்கள். பிள்ளைகளை விட்டு அவள் முதுகுக்குப் பின்னால் காகிதப் பையை ஊதி உடைக்கச் சொன்னார்கள். மடியில் ரப்பர் பல்லியைப் போட்டார்கள். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பொறியாளர் ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடியும் படம் வரைந்தார். "கொஞ்சம் மனசு வைங்கம்மா" என்று கெஞ்சினார். அவளும் கண்ணை மூடி முயற்சி செய்தாள். "வர மாட்டேங்குதே தம்பி, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

"அதை இடிச்சுக் கட்டுங்களேன் சார்" என்று மகள் கேட்டாள். "பள்ளிக்கூடத்தையாவது மூடி வைங்களேன்."

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா. அதுவரைக்கும் உங்கம்மா..."

"எங்கம்மா நாலு நாள் நிம்மதியாத் தூங்கினது உங்களுக்கெல்லாம் பொறுக்கலையா?"

அவள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்றும் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள், மறுநாள் சீருடை மாட்டி அனுப்பி வைத்தார்கள்.

முதல் மணி அடித்த சிறிது நேரத்தில் ஒரு தூண் முறிந்தது. சத்தம் கேட்டுப் பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். வகுப்புக்குள் இருந்த பிள்ளைகளுக்கு ஒரே ஒரு குறுகலான கதவுதான். வேலைக்குக் கிளம்பியிருந்த மகள் தொட்டியைப் பார்த்தாள், திரும்பித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். அம்மா தலை வாரிக்கொண்டே, "என்னடி சத்தம்?" என்று சாவகாசமாகக் கேட்டாள். மகள் ஓடினாள். எல்லோரும் ஓடிய திசைக்கு எதிரே, தொட்டிக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"அம்மா, இங்க பாரு! நான் இதுக்கு அடியிலதான் நிக்கிறேன்!"

சீப்பு கீழே விழுந்தது. அம்மா போட்ட அலறலில் கத்த வேண்டிய பிள்ளைகள்கூட வாயடைத்துப் போனார்கள். தொட்டி விழுந்த வாக்கிலேயே நின்றது, பிறகு முனகிக்கொண்டே நிமிர்ந்தது. முறிந்த தூணின் இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று தொடாமல் அந்தரத்தில் நின்றன. சிந்திய தண்ணீர் மட்டும் சிந்தியபடியே கிடந்தது. பிள்ளைகள் வெளியே வந்த பிறகு மகள் நகர்ந்து பார்த்தாள். அவள் நகர்ந்ததும் தொட்டி மறுபடி சாய்ந்தது.

ஆகவே மகள் அங்கேயே குடியிருக்கிறாள். அடியில் இருந்த மோட்டார் அறையை நகராட்சி வாடகையில்லாமல் கொடுத்து, வெள்ளையும் அடித்துத் தந்தது. காலையில் அங்கேயே ரத்தம் எடுக்கிறாள், ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். மருத்துவர் ஒருமுறை பார்க்க வந்தார், நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாலையின் அந்தப் பக்கம் நின்றே பேசிவிட்டுப் போனார். பள்ளி நடக்கிறது, பஸ் நிற்கிறது, தொட்டியைப் பழுது பார்க்கும் வேலை திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அம்மா நாள் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். கன்னம் மறுபடி ஒட்டிவிட்டது. "வெளிய வந்துடுடி கண்ணு" என்று கூப்பிட்டுப் பார்ப்பாள். "இங்கதான்மா இருக்கேன், நீ பாத்துக்கிட்டே இரு" என்பாள் மகள்.

அம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு சில நாள் நின்ற வாக்கிலேயே கண் சொருகிவிடுகிறது. உடனே மகளின் தட்டில் சிமெண்ட் தூள் உதிர்கிறது. அவள் தட்டை ஓரமாக வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, அம்மா தூங்குவதைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு, "தூங்காதேம்மா" என்று உரக்கக் கூப்பிட்டு எழுப்புகிறாள்.