ஆறு மணிக்குப் பொய் சொல்லும் பெட்டி

ஐந்து நாட்களாக அந்தப் பெட்டி பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். வானத்திலிருந்து கொட்டும், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தன்னைக் கடக்கும்போதெல்லாம் எண்ணி நிலக்ஷியின் போனுக்கு அனுப்பும். பல்கலைக்கழகத்தில் இப்படி ஐந்து செய்து, விடுமுறையில் ஐந்து மாணவர்களிடம் சோதிக்கக் கொடுத்திருந்தார்கள். தடுமாறாமல் எண்ணும் ஒன்று வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போகும். சோதித்த மாணவரும் கூடப் போகலாம்.

வட்டகொடை தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அவளுடைய பெட்டி நிமிடத்துக்கு முப்பது எண்ணியது. காலை ஐந்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மட்டும் ஐம்பதைத் தாண்டியது. நேற்றுவரை தினமும்.

ஞாயிறு பகல் பதினொன்று. அறிக்கை அனுப்ப இன்னும் ஒரு மணி நேரம். போனில் கிஷாந்த், கொட்டகலையிலிருந்து. அவனிடமும் ஒரு பெட்டி இருந்தது.

"எண்ணிக்க கூடுன வரியெல்லாம் அழிச்சிட்டு அனுப்பு புள்ள. யாரு பாக்கப் போறா?"

"என்னா வியாதின்னே தெரியாம எப்பிடிடா அனுப்புறது?"

"அப்ப வீட்டுலயே இரு. நான் போயிட்டு வந்து சொக்லட் தாரேன்."

திட்ட வாயெடுத்தாள். திரையில் 33. 38. 47.

பகல் பதினொன்றுக்கா?

உள்ளே ஓடினாள். கொழுந்தெடுக்கப் போகாத நாள் என்பதால் அம்மா ராக்காயி சாவகாசமாக இப்போதுதான் ரொட்டிக்கு அடுப்பு மூட்டியிருந்தாள். மற்ற நாட்களில் காலை ஐந்துக்கும் மாலை ஆறுக்கும் எரியும் அடுப்பு. அடுப்புக்கு மேலே பலகைத் தட்டு. அதில் உப்பு, தீப்பெட்டி, பிறப்புச் சான்றிதழ்கள். நடுவில் பெட்டி.

"இத யாரும்மா இங்க வச்சது?"

"நல்லாயிருக்கு கத! ஈரம் படக்கூடாதுன்னு நீதானடி வச்ச."

உண்மைதான். ஈரம் ஆகாத எதையும் இந்த வீட்டில் அங்கேதான் வைப்பார்கள். அவள் கையும் யோசிக்காமல் அங்கேயே போயிருந்தது. தொட்டாள், சுட்டது. சூடேறினால் உள்ளிருக்கும் உணரி, துகள் வராமலே எண்ணும்.

எடுக்கப் போனவள் நின்றாள்.

"அம்மா, இன்னும் ரெண்டு வெறகு வைங்க."

"ரொட்டி கருகிரும்டி!"

"கருகட்டும்மா."

பெட்டியோடு தந்திருந்த வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து, சூடு ஏற ஏற எண்ணிக்கையைக் குறித்தாள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு, ஒரு வரிகூட அழிக்காமல் அனுப்பினாள். கடைசி வரி: 'சூடேறினால் இந்தப் பெட்டியை நம்ப முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம்.'

மூன்று மணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. அவளுடைய பெட்டி நீக்கம். மற்ற நான்கையும் சூட்டில் வைத்துப் பார்க்கும்வரை எதுவும் போகாது. அந்தச் சோதனைக்கு நிலக்ஷி பொறுப்பு.

உடனே போன் அடித்தது.

"அடிப்பாவி! என் பெட்டியையும் சுடணுமாமே?"

"கொண்டாடா," என்றாள் நிலக்ஷி. "வரும்போது வெறகும் கொண்டா."